காவலர் பார்வையில் நல்லவரும் குற்றவாளியும்

போலீஸ்காரரை மலாய் மக்கள் முன்னாளில் ‘மாத்தா-மாத்தா’ என்று அழைத்தனர். ‘மாத்தா’ என்றால் கண். அந்தக் கண்கள் நம்மை எவ்வாறு நோக்குகின்றன என்பதைத் தோட்டப் பாட்டாளிகளாகிய நாம் அறிந்திருப்பது நலம்.

நாம் அமைதியாக உழைத்து உண்ணும் நாள்களில் போலீஸ்காரர் நம்மைத் தேடி வருவதில்லை. திருட்டு, அடிதடி, விபத்து ஆகியவை நிகழும்போதே அவர் வருகிறார். அங்கே பொய்யுரைப்போரையும் மெய்யுரைப்போரையும் ஒருங்கே காண்கிறார். ஆகவே, எதையும் ஐயுற்று நோக்கும் வழக்கம் அவரிடம் வேரூன்றிவிடுகிறது.

ஒட்டுப்பால் திருடுபோவதாகப் புகார் எழுந்துள்ள வட்டாரத்தில், விடியுமுன் ஒருவர் தலைவிளக்கும் சீவும் கத்தியுமாக மோட்டார் சைக்கிளில் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அவர் வேலைக்குப் போகும் தொழிலாளி. அவரை அறியாத போலீஸ்காரருக்கோ நேரமும் இடமும் கத்தியுமே முதலில் தெரிகின்றன. நிதானமாக நின்று, அடையாளக் கார்டைக் காட்டி, மறுமொழி கூறினால் ஐயம் பெரும்பாலும் அங்கேயே தீரும். அஞ்சி ஓடினால் ஐயம் வளரும்.

எனினும், ஐயம் வேறு, குற்றம் வேறு. போலீசார் பிடித்துச் செல்பவர் சந்தேகத்திற்குரியவர் மட்டுமே. வழக்குத் தொடரப்பட்டால் அவர் குற்றஞ்சாட்டப்பட்டவர் ஆகிறார். அவரைக் குற்றவாளி என்று கூறும் உரிமை நீதிமன்றத்திற்கே உண்டு. பிடிபட்டவரின் குடும்பத்தை லயத்தில் ஒதுக்கிவைப்போர் இதனை மறத்தல் ஆகாது.

கைதான குடிமகனுக்குக் காரணம் கூறப்பட வேண்டும். பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவை அரசியலமைப்பின் 5ஆவது விதி வழங்கும் உரிமைகள். வழக்கறிஞரின் துணையை நாடவும் அவ்விதி இடமளிக்கிறது. தாம் இருக்குமிடத்தை உறவினருக்குத் தெரிவிக்கவும் சட்டம் பொதுவாக வழிசெய்கிறது. வாக்குமூலம் எழுதப்பட்டால், நாம் பேசிய மொழியிலேயே அதனைப் படித்துக் காட்டி, திருத்தவும் வாய்ப்பளித்த பின்னரே கையொப்பமோ கைநாட்டோ பெற வேண்டும். புரியாத தாளில் கையொப்பமிடுதல் தீங்கு.

நம்மில் பலர், பொருளைப் பறிகொடுத்தும், “நம்மையே சந்தேகிப்பார்களோ?” என்று அஞ்சி, புகார் செய்யாது இருந்துவிடுகின்றனர். இதனால் பயனடைபவன் திருடனே. நாட்டின் எப்பகுதியில் நிகழ்ந்த குற்றமாயினும், அது பற்றிய தகவலை ஏற்பது போலீஸ் அதிகாரியின் கடமை. புகாரின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். கைதாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாயின், நான்கு வாரம் கழிந்ததும் புலனாய்வின் நிலையைக் கேட்கலாம். கேட்ட இரண்டு வாரத்திற்குள் விடையளிக்க வேண்டும் என்பது சட்டம்.

போலீசாரும் தவறக்கூடும். 2004இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம், போலீஸ் படையைச் சீர்திருத்த 125 பரிந்துரைகளை 2005இல் வழங்கிற்று. சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையச் சட்டம் 2023 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. போலீசாரின் முறைகேடு பற்றி அந்த ஆணையத்திடம் முறையிடலாம்.

ஐயுறுவது போலீசாரின் கடமை. அந்த ஐயத்தை நேர்மையாகத் தீர்த்துவைப்பது நம் கடமை. உரிமையை அறிந்தவர் போலீஸ் நிலையத்தின் படியேற அஞ்சார். நம் பிள்ளைகளுக்கும் இதனை எடுத்துரைப்போமாக.