ஐந்து கோல் வாங்கிய குழு கிண்ணம் தூக்கிய கதை

கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில், 2010 டிசம்பர் 2-ஆம் தேதி காலைப் பெரட்டு. இன்னும் விடியவில்லை. டார்ச் லைட் வெளிச்சத்தில் பேர் கூப்பிடுகிறார்கள். மற்ற நாளாக இருந்தால் எந்தப் பக்கம் பழம் வெட்டு, லோரி நேரத்துக்கு வருமா வராதா என்றுதான் பேச்சு ஓடும். அன்றைக்கோ ஒரே கூச்சல்: "லீமா - சத்து! லீமா - சத்து!"

அதாவது ஐந்துக்கு ஒன்று. முந்தின இரவு ஜக்கார்த்தாவில் சுசுகி கிண்ணக் காற்பந்துப் போட்டியின் முதல் ஆட்டம். இந்தோனேசியா 5, மலேசியா 1. கூச்சல் போட்டவர்கள் நம் லயத்துக்குப் பக்கத்து லயத்தில் குடியிருக்கும் லொம்போக், ஜாவா தம்பிமார்கள். நம் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு அரிவாளைத் தீட்டினார்கள். தோட்டத்தில் நம் குடும்பங்கள் குறைந்துபோன காலம் அது. அவர்களோ முப்பது நாற்பது பேர். கூட்டமாக நின்று கிண்டல் செய்தால் யாரால் வாயடைக்க முடியும்?

அதிலும் நம் ஆட்களுக்கு இரட்டை வேதனை. குழுவின் பயிற்றுநர் கே. ராஜகோபால். நம்ம ஆள்! 2009 டிசம்பரில் லாவோஸ் சீ விளையாட்டில் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். 1989-க்குப் பிறகு இருபது ஆண்டு கழித்துக் கிடைத்த தங்கம். அன்றைக்குத் தோளில் தூக்கிய அதே ஜனங்கள், ஒரே ராத்திரியில் "அவரை மாற்று" என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஜனங்களின் ஞாபகசக்தி அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஒட்டுக்கடையில் பெரிய வழக்கே நடந்தது. ஒரு பக்கம் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மண்டோர் மாமா. இன்னொரு பக்கம் பழம் வெட்டும் அவருடைய தங்கச்சி மகன். நடுவில் கோப்பி ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார அக்கா.

"எல்லாம் சின்னப் பசங்கடா. அனுபவம் இல்லாதவனைக் கொண்டுபோய் அந்தப் பெரிய திடல்ல, அத்தனை ஆயிரம் பேர் கத்தற எடத்துல நிறுத்தினா என்ன செய்வான்? எங்க காலத்துல ஆறுமுகம் கோல்ல நின்னாரு. கை ரெண்டும் இந்த நீளம்! ஸ்பைடர்மேன்னுதான் பேரே. முன்னால சந்தோக் சிங், சோ சின் ஆன். எவன் உள்ள வருவான்?"

மாமா சொன்னதில் தப்பில்லை. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று அடித்து மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற குழு அது. ஜேம்ஸ் வோங் போட்ட வெற்றி கோலை ரேடியோவில் கேட்டுத் தோட்டமே ஆடியது. பிறகு அரசாங்கம் புறக்கணித்ததால் மாஸ்கோவுக்குப் போக முடியாமல் போனது வேறு கதை. ஆறுமுகமும் 1988-இல் கார் விபத்தில் போய்விட்டார். அந்தப் பேச்சை எடுத்தால் மாமாவின் கண் கலங்கிவிடும்.

தம்பி விடவில்லை. "மாமா, நீங்க அஞ்சை மட்டும் எண்ணுறீங்க. முதல் கோல் யாரு போட்டது? நம்ம நோர்ஷாருல்லா! நாமதான் முன்னால இருந்தோம். அப்புறம் நம்ம ஆளு காலுல பட்டே நம்ம கோலுக்குள்ள போச்சு. அதுலதான் பசங்க மனசு விட்டுட்டாங்க. ஆட்டம் தெரியாம தோக்கல."

"சபீ சாலி எங்கடா போனான்? கோல் போடத்தானே அவனை வச்சிருக்கு?"

இதற்குத் தம்பியிடம் பதிலில்லை. அடுத்த ஆட்டத்திலும் பதிலில்லை. 4-ஆம் தேதி தாய்லாந்தோடு 0-0. சபீ கோல் போடவில்லை. ஆனால் ஒரு மாற்றம் நடந்திருந்தது. கோல் காவலுக்கு ஷார்பினிக்குப் பதிலாக கைருல் ஃபாமி வந்தான். கிளந்தான் பையன், 21 வயது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் கிளந்தான் மலேசியக் கிண்ணத்தை வென்றிருந்தது. ஐந்து கோல் பழியையும் ஷார்பினி தலையில் கட்டியது நியாயமா என்று அக்கா கேட்டார். நியாயமில்லைதான். தற்காப்பே ஓட்டையாக இருந்தால் கோல்காரன் என்ன செய்வான்? ஆனாலும் பயிற்றுநர் பார்த்தது நியாயத்தை அல்ல, அடுத்த ஆட்டத்தை. புதுப் பையன் தாய்லாந்தை ஒரு கோல்கூடப் போட விடவில்லை. ஆட்டம் திரும்பியது அங்கேதான் என்பது என் கட்சி. மாமா இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

7-ஆம் தேதி லாவோஸை 5-1 என்று அடித்தோம். அது மட்டும் போதாது. அதே நேரம் ஜக்கார்த்தாவில் தாய்லாந்து இந்தோனேசியாவை ஜெயித்துவிட்டால் நாம் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஏற்கெனவே அரையிறுதிக்குப் போய்விட்ட இந்தோனேசியா எதற்கு மெனக்கெட வேண்டும்? தாய்லாந்து முதல் கோலைப் போட்டபோது கடையில் மூச்சுப் பேச்சு இல்லை. பிறகு கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு பெனால்டி! இரண்டையும் பம்பாங் பமுங்காஸ் உள்ளே தள்ளினார். 2-1. நம்மை அரையிறுதிக்கு ஏற்றிவிட்டது இந்தோனேசியாதான்! பக்கத்து லயத்துத் தம்பி ஒருவன் ஓடி வந்து, "பாக் மண்டோர், எங்களுக்கு ஒரு நன்றி சொல்லுங்க!" என்றான். மாமா அவனுக்கு ஒரு கோப்பி-ஓ வாங்கிக் கொடுத்தார். நன்றி மட்டும் சொல்லவில்லை.

அரையிறுதியில் வியட்னாம். அப்போதைய சாம்பியன். 15-ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் 2-0. இரண்டும் சபீ சாலி! காணாமல் போனவன் கிடைத்துவிட்டான் என்று தம்பி மேசையைத் தட்டியதில் இரண்டு கிளாஸ் உடைந்தது. (அக்கா கணக்கில் எழுதிவிட்டார்.) 18-ஆம் தேதி ஹனோயில் வியட்னாம் அடித்த அடிக்கு அளவில்லை. கைருல் ஃபாமி நின்றான். 0-0.

"இது யோகம்டா, ஃபார்ம் இல்ல," என்றார் மாமா.

"நாலு ஆட்டமா அவனைத் தாண்டி ஒரு கோல்தான் போயிருக்கு மாமா. யோகம் அத்தனை நாள் கூட வருமா?"

இறுதியாட்டத்தில் மறுபடியும் இந்தோனேசியா. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு வேன் பிடித்துப் புக்கிட் ஜாலிலுக்குப் போனார்கள். வேனில் பின்சீட்டில் இரண்டு லொம்போக் தம்பிமார்களும் இருந்தார்கள், சிவப்புச் சட்டையோடு! வழியெல்லாம் சண்டை, சிரிப்பு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான். நம் ரசிகர்கள் சிலர் எதிர்க்குழு ஆட்டக்காரர்களின் முகத்தில் பச்சை லேசர் விளக்கு அடித்தார்கள். ஆட்டத்தையே கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. வெட்கக்கேடு. "லேசர் அடிச்சு ஜெயிச்சீங்க" என்று அந்தத் தம்பிமார்கள் பிறகு சொன்னபோது நம் ஆட்களால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை. நல்லா ஆடி ஜெயித்த குழுவுக்கு இந்தக் கறையை நாமே பூசினோம்.

ஆட்டம் மீண்டும் தொடங்கி 61-ஆம் நிமிடம். நோர்ஷாருல் வலது ஓரத்தில் தற்காப்பு ஆட்டக்காரரை ஏமாற்றிப் பந்தை உள்ளே தள்ள, சபீ அடித்தான். 68-இல் அஷாரி. 73-இல் திரும்பவும் சபீ. பன்னிரண்டே நிமிடத்தில் மூன்று! வேனில் திரும்பி வரும்போது சிவப்புச் சட்டைத் தம்பிமார்கள் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்களாம்.

29-ஆம் தேதி ஜக்கார்த்தா. முதல் ஆட்டத்தில் நாம் மானம் இழந்த அதே கெலோரா புங் கார்னோ. கடையில் ஒரு பக்கம் நாம், ஒரு பக்கம் அவர்கள், நடுவில் டெலிவிஷன். 18-ஆம் நிமிடத்திலேயே இந்தோனேசியாவுக்குப் பெனால்டி. கேப்டன் பிர்மான் உத்தினா அடித்தார். கைருல் ஃபாமி பிடித்துவிட்டான்! மாமா எழுந்து நின்றவர் உட்காரவே இல்லை. 54-இல் சபீ கோல் போட்டான். இனி சமனாக்கவே அவர்களுக்கு நான்கு வேண்டும். இரண்டுதான் போட முடிந்தது. அன்றைய ஆட்டம் இந்தோனேசியாவுக்கு 2-1. மொத்தத்தில் 4-2 என்று கிண்ணம் நமக்கு. இந்தப் போட்டியில் மலேசியா வென்ற முதல் கிண்ணம். முதல் மூன்று ஆட்டத்தில் ஒன்றுகூடப் போடாத சபீ, அடுத்த நான்கில் ஐந்து போட்டு அதிக கோல் அடித்தவனானான். குணாளன், குருசாமி என்று நம் பிள்ளைகள் இருவரும் அந்தக் குழுவில் இருந்தார்கள் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மாமா அப்போது சொன்னது இதுதான்: "ஆறுமுகம் பார்த்திருக்கணும்டா இந்தப் பையனை." தம்பி பதில் பேசவில்லை.

31-ஆம் தேதி நாடு முழுக்க விடுமுறை என்று பிரதமர் நஜிப் அறிவித்தார். பெரட்டு இல்லை. கடையில் வழக்கு மட்டும் ஓயவில்லை. லொம்போக் தம்பி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். ஏழு ஆட்டத்தில் இந்தோனேசியா ஜெயித்தது ஆறு. மலேசியா ஜெயித்தது மூன்றே மூன்று. "அப்ப யாரு பெரிய குழு?" கணக்கு சரிதான். நம் தம்பி அரைமணி நேரம் தர்க்கம் பண்ணியும் அதை உடைக்க முடியவில்லை.

புது வருடம் பிறந்து சில வாரம் இருக்கும். சபீ சாலி இந்தோனேசியாவின் பெலித்தா ஜாயா குழுவில் சேர்ந்துவிட்டான் என்று செய்தி வந்தது. அதே லொம்போக் தம்பி பேப்பரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தான்.

"பாக் மண்டோர்! சபீ இனிமே எங்க ஆளு!"

மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுச் செய்தியை மெதுவாகப் படித்தார். பிறகு சொன்னார்: "கொண்டு போ. தேசிய ஆட்டம் வரும்போது மட்டும் திருப்பி அனுப்பிடு. அக்கா, இவனுக்கு ஒரு தேத்தாரே. என் கணக்குல எழுதாதே, அவன் கணக்குலயே எழுது!"