வறண்ட காற்றை நாடி

பாலைக் காற்றிலே நோயில்லை என்று எம் மாணவர் பலர் எண்ணுகின்றனர். அமெரிக்கரும் அவ்வாறே எண்ணினர். ஸ்ரெப்ரோமைசின் மருந்து 1943இல் கண்டறியப்படுமுன், சயரோகிகள் பலர் அரிசோனா மாநிலத்து ரூசன் நகர்ப்புறத்தே கூடாரமடித்து வாழ்ந்தனர். ஈளை நோயினரும் பின்தொடர்ந்தனர்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 11 அங்குல மழையே பெறும் அந்நிலத்தில், ஈரத்தை நம்பி வாழும் தூசிச் சிற்றுண்ணிகள் பெருகா. ஈளையர் சிலருக்கு அது பேராறுதலே. ஆயினும் குடியேறியோர் பாலையைப் பாலையாக விட்டனரா? பிறந்தகத்து நிழலை மறவாது முசுக்கட்டையும் ஒலிவமும் புற்றரையும் வளர்த்தனர். அவற்றின் பூந்தாது காற்றிற் பரந்து, எந்நோய்க்கு அஞ்சி ஓடிவந்தனரோ அந்நோயையே அழைத்தது! 1980களில் அம்மரங்களின் விற்பனையைத் தடுக்கச் சட்டமே வேண்டியதாயிற்று.

அம்மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சணத்தின் வித்துக்களோ புழுதியோடெழுந்து நுரையீரலைப் பற்றும். 'பள்ளத்தாக்குக் காய்ச்சல்' என்பர். ஆதலின் புழுதித் தெருவும் புதுக்கட்டட வேலையும் மலிந்த இடத்தை நாம் பரிந்துரையோம். இருக்கும் வீட்டை விற்குமுன், பூக்குங் காலத்திற் சில கிழமையேனும் அங்கு வாடகைக்கிருந்து பார்த்தல் நன்று. வைத்தியசாலையின் தூரத்தையும் கேட்டறிக. 1985இல் செப்புச் சுரங்கம் மூடப்பட்டபின் ஓய்ந்துபோன அஜோ அமைதியான சிற்றூர்தான்; ஆனால் அங்கிருந்து ரூசன் ஏறத்தாழ 130 மைல்.