கூலி பேதமும் அதன் காரணமும்

கூலியில் காணும் ஏற்றத்தாழ்வுக்குத் திறமையே காரணமென்று முதலாளிமார் சாதிக்கின்றனர். திறமைக்கு விலையுண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் முழுக் காரணமும் அதுவன்று.

பொருளாதார சாஸ்திரியாகிய ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட நூலில் கூலி பேதத்திற்கு ஐந்து காரணங்கள் கூறினார். வேலை நிலையில்லாதவனுக்கு, சும்மாயிருக்கும் நாட்களையும் ஈடுசெய்யுமாறு கூலி உயரும் என்பது அவற்றுள் ஒன்று. இன்று நம் நாட்டு ஆலைகள் பலவற்றில் நாம் காண்பதென்ன? ஒரே யந்திரத்தின் முன் நிற்கும் இருவருள் நிரந்தரத் தொழிலாளிக்கு அதிகக் கூலி. ஒப்பந்தத் தொழிலாளிக்கோ குறைந்த கூலி. சாஸ்திரம் தலைகீழாயிற்று. முன்னவனுக்குச் சங்கபலமுண்டு, பின்னவன் தனியன். நாளை வேலையுண்டோ என்றஞ்சுபவன் பேரம் பேசுவதெங்ஙனம்?

தூத்துக்குடியே இதற்குச் சாக்ஷி. 1908 பிப்ரவரியில் ஸ்ரீமான்கள் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் ஊக்க, கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஒன்பது நாட்களுக்குப் பின் நிர்வாகத்தார் இணங்கினர். கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது. அவ்வொன்பது நாட்களில் தொழிலாளர் புதிய வித்தையொன்றும் கற்கவில்லை, யந்திரங்களும் மாறவில்லை. தனித்தனியே நின்றவர் ஒன்றாய் நின்றனர், அவ்வளவே.

சம வேலைக்குச் சம ஊதியமென்னும் நியாயம் அரசாங்கத்தின் தற்காலிக ஊழியர்க்கும் உரியதென்று 2016-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆயினும் தீர்ப்பு தானாக நடந்து ஆலைவாசலுக்கு வாராது. ஒப்பந்தத் தொழிலாளரையும் சங்கத்திற் சேர்ப்பதே தேசபக்தர் இன்று செய்யவேண்டிய முதற்பணியாகும்.