ஒரே வினாத்தாளும் இரு மொழிகளும்: கேரள எல்லைப்புறத் தமிழ்வழிக் கல்வியில் சமத்துவமும் போட்டியும்

1. முன்னுரை

பள்ளிக் கல்விமுறை இரு பணிகளை ஒருங்கே மேற்கொள்கின்றது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒத்த கல்வியை வழங்குதல் ஒன்று. தேர்வின் வழியே சிலரைத் தெரிந்தெடுத்தல் மற்றொன்று. முன்னது சமத்துவத்தையும் பின்னது போட்டியையும் சார்ந்தது. இவை பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் கட்டணம், பள்ளிகளின் வகை, இடஒதுக்கீடு ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. எல்லாரும் ஒரே வினாத்தாளுக்கு விடையளித்தால் போட்டி நேர்மையானதே என்னும் கருத்து அவ்விவாதங்களில் ஆராயப்படாமலே ஏற்கப்படுகின்றது. தேர்வு பல மொழிகளில் நடைபெறும் இடத்தில், வினாத்தாள் 'ஒன்றே' என்பது மொழிபெயர்ப்பால் உருவாக்கப்பட வேண்டிய நிலையே அன்றித் தானே அமைந்துவிடும் நிலை அன்று. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்ட எல்லைப்பகுதிகளில் தமிழ்வழியில் பயிலும் மாணவர்களை முன்வைத்து இக்கருத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. களமும் சட்டப் பின்னணியும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழ் பேசுவோர் செறிந்து வாழ்கின்றனர். முன்னவர் பெரும்பாலும் வேளாண்மையைச் சார்ந்தவர். பின்னவருள் தேயிலை, ஏலத் தோட்டங்களைச் சார்ந்தவர் மிகுதி. சித்தூர் பழைய கொச்சி அரசிலும், தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரிலும் அடங்கியிருந்தன. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகச் சீரமைக்கப்பட்டபோது இப்பகுதிகள் கேரளத்தில் அமைந்தன. இங்குள்ள தமிழர் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர்.

அதே ஆண்டில் அரசியலமைப்பின் ஏழாம் திருத்தத்தின் வழியே 350அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதிகள் செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என அது கூறுகின்றது. ஆனால் அப்பிரிவு தொடக்கக் கல்வி நிலையை மட்டுமே குறிப்பது கருதத்தக்கது. போட்டி கூர்மையடைவது பத்தாம் வகுப்பின் முடிவிலாகும். அங்குப் பெறும் தரப்புள்ளிகளே மேனிலைப் பள்ளி இடங்களைத் தீர்மானிக்கின்றன. எனவே, போட்டி இல்லாத நிலையில் தாய்மொழிக்குக் காப்பு உண்டு. போட்டி தொடங்கும் நிலையில் அக்காப்பு அரசியலமைப்பின் சொற்களில் இல்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைக் கேரள அரசு தமிழிலும் கன்னடத்திலும் நடத்துவது மாநிலக் கொள்கையின் பயனாகும். 2017ஆம் ஆண்டின் மலையாள மொழி கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கியது.

3. எண்ணிக்கை விதியும் போட்டியின் விளைவும்

தாய்மொழிவழிக் கல்விக்கு 1949இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஓர் அளவுகோலை வகுத்தது. பள்ளி முழுவதிலும் 40 மாணவர்களேனும் ஒரு வகுப்பில் 10 மாணவர்களேனும் இருப்பின், அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரேனும் அமர்த்தப்பட வேண்டும் என்பது அதன் சாரம். இவ்விதி சமத்துவத்தைத் தலைக்கணக்கோடு பிணைத்தது. மேனிலைப் பள்ளியில் அறிவியல் பாடங்கள் பெரிதும் ஆங்கில வழியிலேயே நடைபெறுகின்றன. போட்டியை எண்ணும் பெற்றோர் தம் பிள்ளைகளைத் தொடக்க வகுப்பிலேயே ஆங்கில வழிக்கு மாற்றுவது இயல்பே. ஒவ்வொரு பெற்றோரின் முடிவும் தனித்து நோக்கின் நியாயமானது. ஆயினும், வகுப்பில் எஞ்சுவோர் பத்துப்பேருக்குக் கீழே குறையுமாயின், மாற விரும்பாத குழந்தையின் உரிமையும் வலுவிழக்கின்றது.

4. கலைச்சொற்களின் மூவகை உறவு

கேரளப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய மொழிகளில் வெளிவருகின்றன. தமிழ்ப் பதிப்புகள் மொழிபெயர்ப்புகளாகும். எல்லைப்புற மாணவர் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் கேட்கின்றனர். அண்டையிலுள்ள தமிழ்நாட்டின் துணைநூல்களும் அவர்கள் கைக்கு எட்டுவன. இரு மொழிகளின் கலைச்சொற்களுக்கும் இடையிலான உறவை மூன்றாகப் பகுக்கலாம்.

(அ) வடிவும் பொருளும் ஒத்தவை: ஆரம், சுற்றளவு, பரப்பளவு, சராசரி முதலியன. வட்டத்தின் 'நாண்' மலையாளத்தில் 'ஞாண்' ஆகும். இவற்றில் இடர்ப்பாடு இல்லை.

(ஆ) வடிவில் வேறுபட்டவை: தமிழின் 'பகா எண்' மலையாளத்தில் 'அபாஜ்யசங்க்ய', 'சமன்பாடு' அங்குச் 'சமவாக்யம்', 'ஒளிச்சேர்க்கை' அங்குப் 'ப்ரகாசசம்ச்லேஷணம்'. மூலச்சொல்லை அப்படியே எழுதினால் மாணவர்க்குப் பொருள் விளங்காது. எனினும், விளங்கவில்லை என்பதேனும் அவர்க்குத் தெரியும்.

(இ) வடிவில் ஒத்துப் பொருளில் வேறுபட்டவை: இவையே மிகுந்த இடர் தருவன. மலையாளக் கணிதப் பாடநூலில் 'சதுரம்' என்பது தமிழின் செவ்வகத்தைக் குறிக்கும். தமிழின் சதுரத்தை அம்மொழி 'சமசதுரம்' என்னும். 'சுற்றளவு 24 செ.மீ.; பக்கங்கள் செ.மீ. அளவில் முழு எண்கள். இத்தகைய சதுரங்கள் எத்தனை?' என்னும் வினாவைக் கருதலாம். மலையாளப் பொருளில் விடை 6 (பக்கங்கள் 1, 11 முதல் 6, 6 வரை). தமிழ்ப் பொருளில் விடை 1. அச்சொல்லை மாற்றாமல் பெயர்த்தால், தமிழ் மாணவர் தாம் படித்த வினாவுக்குச் சரியான விடையெழுதியும் மதிப்பெண் இழப்பர். தவறு நேர்ந்ததை அவரும் அறியார். விடைத்தாள் திருத்துபவரும் அறியார்.

வேதியியலிலும் இத்தகைய சொற்கள் உண்டு. மலையாளத்தில் 'மூலகம்' என்பது தனிமம். தமிழில் 'மூலக்கூறு' என்பதோ மலையாளத்தின் 'தன்மாத்ர'. தனிமத்தை 'மூலகம்' எனல் இலங்கைத் தமிழ்ப் பாடநூல் வழக்கு. ஆதலின் அச்சொல் தமிழுக்கு அயலானது எனக் கூற இயலாது. இம்மாணவர் பயின்ற வழக்கு எது என்பதே ஈண்டு வினா. மலையாளத்தின் 'அணுபாத' நோய்த்தொற்றைக் குறிக்கும்; அதில் தமிழர் பாடநூலில் கற்கும் 'அணு' இல்லை.

இலக்கணமும் வினாவின் கடினத்தை மாற்றவல்லது. மலையாள வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டுவதில்லை. 'பறஞ்ஞு' என்னும் ஒரு வினை தமிழில் 'சொன்னான், சொன்னாள், சொன்னார், சொன்னது' எனப் பிரியும். 'இதனைச் சொன்னவர் யார்?' என்னும் வினாவுக்குரிய பத்தியில், தமிழ் வினைமுற்றே விடையைக் காட்டிக்கொடுத்துவிடலாம். ஆகவே மொழிபெயர்ப்பு ஒரு சாராரின் வினாவை எளிதாக்குவதும் உண்டு.

5. மதிப்பெண்ணால் ஈடுசெய்தல்

மொழிபெயர்ப்புப் பிழையைத் தேர்வுக்குப்பின் மதிப்பெண்ணால் ஈடுசெய்வது நிலையான தீர்வாகவில்லை. 2018இல் மருத்துவப் படிப்புக்கான தேசிய நுழைவுத்தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாகப் பெயர்க்கப்பட்டன என வழக்குத் தொடரப்பட்டது. வினாவொன்றுக்கு 4 வீதம் 196 மதிப்பெண்கள் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாண்டு ஜூலையில் ஆணையிட்டது. அவ்வாணையை உச்ச நீதிமன்றம் முதலில் நிறுத்திவைத்து, பின்னர் அதே ஆண்டில் நீக்கியது. பிழையில்லாத வினாவுக்கு அம்மாணவர் எவ்விடை எழுதியிருப்பார் என்பதை எந்தக் கணக்கும் கூற இயலாது. எனவே, ஈடு கொடுத்தால் பிற மாணவர்க்கும், மறுத்தால் தமிழ் மாணவர்க்கும் குறை எஞ்சுகின்றது.

இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குப் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் இதனினும் கடுமையான பாடமாகும். பயிற்றுமொழிவழி மதிப்பெண்களைச் சரிசெய்தல் என்னும் பெயரில், தமிழ்வழி மாணவர் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டியவராயினர். மொழிகளுக்கிடையிலான சமன்பாட்டை நிருவாகம் எண்களால் அமைக்கும்போது, அது எச்சாராருக்கும் எதிராகத் திரும்பக்கூடும்.

6. மொழிபெயர்ப்பு நிலையில் தீர்வு

பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டுத் திட்டம் (பீசா) 2000ஆம் ஆண்டு முதல் நடைபெறுகின்றது. அதன் வினாக்களுக்கு ஆங்கிலம், பிரெஞ்சு என இரு மூலப் பதிப்புகள் அமைக்கப்படுகின்றன. இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க, மூன்றாமவர் அவற்றை ஒப்பிட்டு ஒருமைப்படுத்தும் முறை அங்குப் பரிந்துரைக்கப்படுகின்றது. இம்முறையைக் கேரளச் சூழலுக்கு எளிதில் தகவமைக்கலாம். மலையாளப் பதிப்பிலிருந்து ஒருவரும் ஆங்கிலப் பதிப்பிலிருந்து ஒருவரும் பெயர்த்தால், 'சதுரம்' போன்ற சொல் இரு வரைவுகளிலும் முரண்பட்டுத் தானே வெளிப்படும். இதனோடு, மேற்கூறிய மூன்றாம் வகைச் சொற்களுக்கென மலையாள – தமிழ் – ஆங்கில அகராதியொன்று தொகுக்கப்படுதல் வேண்டும். பாடநூலும் வினாத்தாளும் அதனையே பின்பற்றுதல் வேண்டும்.

7. முடிவுரை

சமத்துவமும் போட்டியும் ஒன்றையொன்று விலக்குவன என்பது பொதுவான எண்ணம். எல்லைப்புறத் தமிழ்வழிக் கல்வி வேறொன்றைக் காட்டுகின்றது. வினா இரு மொழிகளிலும் ஒன்றாக இல்லாதவிடத்து அங்கு நிகழ்வது போட்டியே அன்று. போட்டிக்கும் முன்நிபந்தனை சமத்துவமே. அந்நிபந்தனையைச் சட்டமன்றமும் நீதிமன்றமும் மட்டும் நிறைவேற்றிவிட இயலாது. அச்சுக்குச் செல்லுமுன் ஒரு சொல்லை ஐயுற்று நோக்கும் மொழிபெயர்ப்பாளரின் மேசையில் அதன் பெரும்பகுதி முடிவாகின்றது.