72 மணி நேரக் கட்டுச்சோறு

விடிந்தும் விடியாத நேரத்தில் தொலைபேசி மணி அடித்தால் எந்த வீட்டிலும் வயிற்றைக் கலக்கும். அமெரிக்கச் சிற்றூர்களில் ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. "உங்க பெட்டி வந்தாச்சு, சீக்கிரம் வந்து எடுத்துட்டுப் போங்க" என்று தபால் நிலையத்திலிருந்து ஒரு குரல் பேசும். சொல்வது பாதிதான் காதில் விழும். பின்னால் நூறு குஞ்சுகள் விடாமல் கீச்சிட்டுக்கொண்டிருக்கும்.

பெட்டியில் வந்திருப்பவை கோழிக்குஞ்சுகள். முட்டையை உடைத்து வெளியே வந்து இரண்டு நாள் ஆகியிருந்தால் அதிகம். அமெரிக்கத் தபால் துறை 1918 முதல் இந்தச் சரக்கை ஏற்றுக்கொண்டு வருகிறது. பக்கவாட்டில் துளைகள் போட்ட அட்டைப்பெட்டி, மேலே ஒரு முகவரி, தபால் கட்டணம். அவ்வளவுதான்.

தீனியும் தண்ணீரும் இல்லாமல், தாயும் இல்லாமல் இவை எப்படிப் பயணத்தைத் தாங்குகின்றன? முட்டைக்குள் 21 நாள் வளரும் குஞ்சு, வெளியே வருவதற்கு ஓரிரு நாள் முன்னால், மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைத் தொப்புள் வழியே தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதுதான் அதன் கட்டுச்சோறு. பிறந்த பிறகு சுமார் 72 மணி நேரத்துக்கு அதுவே தீனி, அதுவே தண்ணீர்.

தபால்காரரை நினைத்து இயற்கை இந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. பஞ்சாரத்தைத் தூக்கி அடைக்கோழியை எட்டிப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். வைத்த முட்டைகள் எல்லாம் ஒரே வேளையில் பொரிவதில்லை. முதல் குஞ்சு வந்து ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்துக்கூடக் கடைசி முட்டை கீறல் விடும். அதுவரை தாய் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் மீதி முட்டைகள் ஆறிப்போகும். எனவே முந்தி வந்த குஞ்சுகள் பசியில்லாமல் சிறகுக்கடியில் காத்திருக்க வேண்டும். மஞ்சள் கரு அந்தக் காத்திருப்புக்கானது. அந்த அவகாசத்தைத்தான் மனிதர்கள் ரயிலுக்கும் லாரிக்கும் விமானத்துக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

முதலில் ரயில்தான். நியூ ஜெர்சி மாநிலத்தின் ஸ்டாக்டன் என்ற ஊரில் குஞ்சு பொரிப்பகம் நடத்திய ஜோசப் வில்சன், 1892இல் ஒருநாள் குஞ்சுகளை ரயிலில் வெளியூருக்கு அனுப்பிப் பார்த்தார். அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. தபாலில் பார்சல் சேவை 1913 ஜனவரி 1 அன்றுதான் தொடங்கியது. அதில் எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று மக்களுக்கும் தெளிவில்லை, அதிகாரிகளுக்கும் தெளிவில்லை. 1914இல் ஐடஹோ மாநிலத்தில் ஒரு சிறுமிக்கு ரயில் டிக்கெட் எடுப்பதைவிட மலிவு என்று 53 சென்ட் தபால்தலை ஒட்டிப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிய கதைகூட உண்டு. உறவினரான தபால் ஊழியர் துணைக்குப் போனார் என்பது வேறு விஷயம். குழந்தைகளுக்கு விரைவில் தடை வந்தது. குஞ்சுகளுக்கு வழி திறந்தது.

திறந்த காலமும் பொருத்தமாக அமைந்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது; வீட்டில் ஆளுக்கு இரண்டு கோழி கொல்லையில் வளருங்கள் என்று அரசே சுவரொட்டி அடித்துக் கேட்டுக்கொண்டது. அயோவா மாநிலத்தின் வெப்ஸ்டர் சிட்டியில் மர்ரே மெக்மர்ரே என்பவர் 1917இல் குஞ்சு விற்கத் தொடங்கினார். அவருக்கு முழுநேரத் தொழில் வங்கி. குஞ்சு வியாபாரமும் அந்த வங்கி வழியேதான் நடந்தது. பெருமந்தக் காலத்தில் வங்கி மூடப்பட்டது. கோழி வியாபாரம் நிலைத்தது. இன்றைக்கும் அவர் பெயரிலேயே அந்தப் பொரிப்பகம் அதே ஊரிலிருந்து நாடு முழுவதும் பெட்டிகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

வாங்க விரும்புபவர் வசந்த காலம் வந்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் காரியம் நடக்காது. பனி கொட்டும் ஜனவரியிலேயே விலைப் பட்டியலைப் புரட்டி, வேண்டிய வாரத்தைக் குறித்துப் பதிவு செய்துவிடுவார்கள். சிவப்பு நிற ரோட் ஐலண்ட் ரெட், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பிளைமவுத் ராக், பொன்னிற ஆர்ஃபிங்டன், நமக்கும் பழக்கமான வெள்ளை லெகார்ன் என்று ரகங்களின் படங்களைப் பார்த்தால் புடவைக் கடையில் நிற்பதுபோலத்தான். முட்டை விலை ஏறும் ஆண்டுகளில் இந்தக் கூட்டம் இன்னும் நெரியும். பறவைக் காய்ச்சலால் கோடிக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டு, 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6.23 டாலரைத் தொட்டபோது, வாழ்நாளில் கோழியைத் தொட்டிராதவர்களும் குஞ்சுக்கு எழுதிப்போட்டார்கள். முட்டைச் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டவர்கள் கூண்டு, தீனி, விளக்கு எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

பட்டியலில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பெட்டை, சேவல், பிரிக்காதது என்று மூன்று விலை போட்டிருக்கும். பெட்டைக்கே விலை அதிகம். பிரிக்காததை வாங்கினால் ஏறக்குறைய பாதி சேவலாகிவிடும். நகரங்கள் பலவற்றில் சேவல் வளர்க்க அனுமதியே கிடையாது. ஒருநாள் குஞ்சு சேவலா பெட்டையா என்று வெளித்தோற்றத்தில் தெரியாது, சில கலப்பு ரகங்களைத் தவிர. அதன் ஆசனவாயை மெல்ல அழுத்தி, உள்ளே தெரியும் மிகச் சிறு முகிழைப் பார்த்துச் சொல்லும் கலையை 1920களில் ஜப்பானில் கியோஷி மசூய், ஜூரோ ஹாஷிமோட்டோ ஆகியோர் உலகுக்குக் காட்டினார்கள். கைதேர்ந்தவர்கள் மணிக்கு ஆயிரம் குஞ்சு வரை பிரிப்பார்கள். 'மினாரி' படத்தில் ஆர்க்கன்சா மாநிலத்துக்குக் குடிபோகும் கொரியத் தம்பதி செய்யும் வேலை இதுதான். முட்டைத் தொழிலில் வேண்டப்படாத சேவல் குஞ்சுகள் என்ன ஆகின்றன என்பதையும் அந்தப் படம் மறைக்கவில்லை. நம் ஊர்த் தெருவில் பச்சையும் ரோஸுமாகச் சாயம் ஏற்றிக் கூடையில் வருகின்றனவே, அவற்றில் பலவும் இப்படிக் கழிக்கப்பட்ட சேவல்கள்தான்.

சேவல் குஞ்சுகளுக்கு அமெரிக்கத் தபால் பெட்டியில் இன்னொரு வேலையும் கொடுக்கப்பட்டதுண்டு. பிறந்த குஞ்சுக்குத் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. ஒன்றையொன்று ஒட்டி நின்றால்தான் குளிர் தாங்கும். அதனால்தான் நெடுங்காலம் 25 குஞ்சுக்குக் குறைந்து அனுப்புவதில்லை என்பது வழக்கமாக இருந்தது. பத்துப் பெட்டை கேட்டவருக்கு, கேட்காமலே பதினைந்து சேவலைச் சூட்டுக்காகச் சேர்த்து அனுப்பிய பொரிப்பகங்களும் உண்டு. இப்போது சூடு தரும் பொட்டலம் வைத்து, ஐந்தாறு குஞ்சுகள்கூட அனுப்புகிறார்கள். நூறு கொள்ளும் பெட்டியை நான்கு அறையாகத் தடுத்து, அறைக்கு 25 வீதம் விடுவார்கள். தடுப்பு இல்லாவிட்டால் வண்டி திரும்பும் பக்கமெல்லாம் மொத்தக் கூட்டமும் சரிந்து, அடியில் இருப்பவை நசுங்கிப்போகும்.

தபால் துறையின் விதியும் அந்தக் கட்டுச்சோற்றை வைத்தே எழுதப்பட்டது. ஒப்படைக்கும்போது குஞ்சுக்கு 24 மணி நேரத்துக்கு மேல் வயது ஆகியிருக்கக் கூடாது. பொரித்த நேரத்திலிருந்து 72 மணிக்குள் முகவரிக்குப் போய்ச் சேர வேண்டும். பொரிப்பகங்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்க, வாரத் தொடக்கத்தில் குஞ்சு வெளிவரும்படி முட்டை வைக்கும் நாளைக் கணக்கிடுகின்றன. 2001இல் ஒரு பெரிய விமான நிறுவனம் குஞ்சுப் பெட்டிகளை ஏற்ற மாட்டேன் என்றபோது விவகாரம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது. மற்றப் பிராணிகளை ஏற்றிச் செல்லும் நிறுவனங்கள் குஞ்சுத் தபாலையும் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்று சட்டத்திலேயே வழி செய்தார்கள்.

கடிகாரம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சிகள் இருக்கின்றன. 2020 ஆகஸ்டில் தபால் தாமதங்கள் நாடு முழுக்கப் பேச்சாக இருந்த நேரத்தில், மெயின் மாநில விவசாயிகள் திறந்த பெட்டிகளிலிருந்து சத்தமே வரவில்லை. செத்துப்போனவை குறைந்தது 4,800 என்று அம்மாநில நாடாளுமன்ற உறுப்பினர் செல்லி பிங்ரீ தபால் துறைக்கு எழுதினார். 2025 மே மாதத் தொடக்கத்தில் டெலவேர் மாநிலத்தில் நடந்தது இன்னும் கொடுமை. ஒரு தபால் மையத்தில் நின்ற லாரிக்குள் சுமார் 12,000 குஞ்சுகள் மூன்று நாள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. சுமார் 4,000 இறந்தன. பிழைத்தவற்றை ஒரு பிராணிகள் காப்பகம் ஏற்றது. வெளியே போன குஞ்சைத் திரும்ப எடுத்தால் நோய் உள்ளே வரும் என்பதால், அனுப்பிய பொரிப்பகத்தால் அவற்றை வாங்கிக்கொள்ள முடியவில்லை. நாய், பூனை பார்த்துப் பழகிய காப்பக ஊழியர்கள் ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்குத் தீனி வைத்துக்கொண்டு, வளர்க்க ஆள் தேடினார்கள்.

எனவே பெட்டி வரும் நாளுக்கு முந்தைய நாளே எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்பது இந்த வளர்ப்பில் முதல் பாடம். பிளாஸ்டிக் தொட்டி, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி, குழந்தைகள் விளையாடும் நீச்சல் தொட்டி என்று கிடைப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். குஞ்சுக்கு அரைச் சதுர அடி இடம் தொடக்கத்துக்குப் போதும். வட்டமாக இருப்பது நல்லது. மூலை இருந்தால் பயத்திலோ குளிரிலோ அங்கே குவிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுத் திணறும். நம் பண்ணைகளில் தகட்டையோ அட்டையையோ வளைத்து வட்டம் கட்டுவதும் இதற்காகவே. அடியில் பைன் மரச்சுருள் பரப்புவார்கள், நாம் உமி பரப்புவதுபோல. வெறும் செய்தித்தாள் ஆகாது. வழுக்கி வழுக்கிக் கால் இரண்டும் அகன்று, நடக்கவே முடியாமல் போய்விடும்.

அடுத்தது சூடு. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வந்து, இறகு முளைத்ததும் விட்டுவிடலாம். சென்னையில் மே மாதப் பகலில் இதற்கு விளக்கே வேண்டாம். ஆனால் அயோவாவில் ஏப்ரல் இரவு உறைபனி விழும். 250 வாட் சிவப்பு விளக்கைச் சங்கிலியில் தொங்கவிடுவார்கள். கயிற்றில் கட்டினால் அறுந்து மரச்சுருளில் விழும். ஆண்டுதோறும் கொட்டகைகள் இப்படித்தான் எரிகின்றன. வெப்பமானியைவிடக் குஞ்சுகளைப் பார்ப்பது மேல். விளக்கடியில் குவிந்து ஓலமிட்டால் குளிர்கிறது என்று அர்த்தம். ஓரத்துக்கு விலகிப் போய் வாய் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். ஆங்காங்கே பரவி, மெல்லப் பேசிக்கொண்டு மேய்ந்தால் சரியாக இருக்கிறது.

பெட்டியை எடுத்துவரப் போனவர் தபால் நிலையத்திலேயே மூடியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. இறந்தவை இருந்தால் ஊழியர் முன்னிலையில் எண்ணிக் குறித்துக்கொண்டால்தான் ஈடு கேட்க முடியும். ஒன்றிரண்டு குறையலாம் என்று பொரிப்பகங்களே கூடுதலாகப் போட்டு அனுப்புவதும் உண்டு. 25 கேட்டவர் 26 எண்ணிவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்.

வீட்டுக்கு வந்ததும் தீனி அல்ல, தண்ணீர். ஒவ்வொரு குஞ்சாக எடுத்து அதன் அலகை வெதுவெதுப்பான நீரில் ஒருமுறை தோய்க்க வேண்டும். குடிக்கக் கற்றுத்தரத் தாய் இல்லையே. நீரில் சிறிது சர்க்கரை கரைப்பார்கள். நம்மிடம் குளுக்கோஸோ வெல்லமோ. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல்லோ கோலிக்குண்டோ போட்டு வைத்தால் விழுந்து மூழ்காது. ஒன்றிரண்டு குடித்தால் போதும், மற்றவை பார்த்துப் பழகிவிடும். பிறகு 20 சதவீதம் புரதம் உள்ள குஞ்சுத் தீவனம்.

முதல் சில நாள் குஞ்சின் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். பயணக் களைப்பில் எச்சம் காய்ந்து வழியை அடைத்துக்கொண்டால் இரண்டு நாளில் இறந்துவிடும். வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் பிழைக்கும். துடைத்தவர் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குஞ்சுகளை முத்தமிடாதீர்கள் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. சால்மோனெல்லா கிருமி குஞ்சுக்கு ஒன்றும் செய்யாமல் குழந்தையைப் படுக்கையில் தள்ளிவிடும்.

இவ்வளவும் முடித்துவிட்டு நிம்மதியாக ஒரு காப்பி குடித்துத் திரும்பி வரும் புதியவருக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். விளக்கு வெளிச்சத்தில் 26 குஞ்சும் கால் நீட்டி, கழுத்தைத் தரையில் சாய்த்து, சிறகு ஒருபக்கம் விரிந்து அசையாமல் கிடக்கும். பதறிப்போய் ஒன்றைத் தொடுவார். அது கண் திறந்து, எழுந்து, பக்கத்துக் குஞ்சை மிதித்துக்கொண்டு தண்ணீர்த் தட்டுக்கு ஓடும். மிதிபட்டது ஒரு கீச்சு கத்திவிட்டு மறுபடி தூங்கப் போகும்.