உங்களுக்குத் தெரியுமா? பேரவையில் வாய் திறக்காதவர்கள்

சட்டமன்ற உறுப்பினர் கேள்வி கேட்க விரும்பினாலும் சரி, தீர்மானம் கொண்டுவர நினைத்தாலும் சரி, அதற்கான அறிவிப்பை எழுதிக் கொடுக்க வேண்டியது பேரவைச் செயலாளரிடம். சபாநாயகரையே நீக்கக் கோரும் அறிவிப்பும் அவர் கைக்குத்தான் போகும். அதற்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 179-வது பிரிவு. யாருக்குக் கீழே வேலை பார்க்கிறாரோ, அவருக்கு எதிரான காகிதத்தையே முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டிய சங்கடமான உத்தியோகம்! 2017 மார்ச்சில் சபாநாயகர் தனபாலுக்கு எதிராக அப்படியொரு தீர்மானம் அவைக்கு வந்தது. அவர் இறங்கிக்கொள்ள, துணை சபாநாயகர் அந்த நாற்காலியில் அமர்ந்து நடத்தினார். தீர்மானத்துக்கு ஆதரவு 97, எதிர்ப்பு 122.

*

சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இரண்டு செயலகங்கள் இருக்கின்றன. ஒன்று அரசுடையது, அதன் தலைமைச் செயலாளர் முதலமைச்சருக்குப் பதில் சொல்பவர். இன்னொன்று பேரவைச் செயலகம். அங்கே கடைநிலை ஊழியர் வரை எல்லாரும் சபாநாயகரின் ஆளுகையில் இருப்பவர்கள். மாநில சட்டமன்றத்துக்குத் தனி அலுவலர்கள் வேண்டும் என்று 187-வது பிரிவே சொல்லிவிட்டது.

இது சும்மா கிடைக்கவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில், டெல்லியில் இருந்த மத்திய சட்டசபையின் ஊழியர்கள் அரசாங்கத் துறை ஒன்றின் கீழ் இருந்தார்கள். அரசைக் கேள்வி கேட்கும் சபைக்கு அரசின் ஆளே குமாஸ்தாவா என்று மல்லுக்கு நின்றவர் சபையின் தலைவராக இருந்த விட்டல்பாய் படேல். மோதிலால் நேரு 1928 செப்டம்பரில் தீர்மானம் கொண்டுவந்தார். 1929 ஜனவரி 10 அன்று தனித் துறை பிறந்தது. வல்லபாய் படேலின் அண்ணன் என்று மட்டுமே இவரை நினைவில் வைத்திருக்கிறோம். அது நியாயமில்லை.

*

அந்தத் துறை பிறந்து மூன்று மாதம் ஆகவில்லை. ஏப்ரல் 8 அன்று பகத்சிங்கும் படுகேஷ்வர் தத்தும் அதே சபையில் குண்டு வீசினார்கள். காவலுக்குப் போலீஸ் வரட்டும் என்று படேல் விட்டுவிடவில்லை. சபைக்கென்றே, தலைவரின் கட்டளைக்கு மட்டும் கட்டுப்பட்ட காவல் பிரிவு அந்த ஆண்டே உருவானது. அதற்கு அப்போது வைத்த 'வாட்ச் அண்ட் வார்டு' என்ற பெயர் கேரளா உட்படப் பல மாநிலங்களில் இன்றும் புழங்குகிறது. நாம் சபைக் காவலர்கள் என்கிறோம்.

குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியேற்றினார்கள் என்று பத்திரிகைகள் எழுதுவது இவர்களைப் பற்றித்தான். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பு நாளில் தி.மு.க. உறுப்பினர்களை வெளியேற்றும் வேலை இவர்கள் தலையில் விழுந்தது. இன்று தூக்கிப் போடப்படுபவர் நாளை அமைச்சராகலாம்; அவருக்கும் இவர்கள்தான் வணக்கம் வைத்துக் கதவு திறந்துவிட வேண்டும். அன்றைய வாக்கெடுப்பில் உறுப்பினர்களை ஆறு பகுதிகளாகப் பிரித்து, எழுந்து நிற்கச் சொல்லித் தலைகளை எண்ணினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11.

*

சட்டமன்றத்துக்குள் உறுப்பினர்கள் செய்த ரகளைக்காகப் போலீசில் புகார் கொடுத்தது அந்தச் சட்டமன்றத்தின் செயலாளரே. நடந்தது கேரளத்தில், 2015 மார்ச் 13 அன்று. நிதியமைச்சர் கே.எம். மாணி பட்ஜெட் வாசிப்பதைத் தடுக்க எதிர்க்கட்சியினர் சபாநாயகர் மேடையிலேயே ஏறிவிட்டார்கள். நாற்காலி, கணினி, மைக் என்று உடைந்தவற்றின் கணக்கு 2,20,093 ரூபாய். பிறகு ஆட்சி மாறியதும் வழக்கைக் கைவிட அரசு விரும்பியது. உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் முடியாது என்றது: நாற்காலியை உடைப்பது உறுப்பினரின் சிறப்புரிமைக்குள் வராது!

*

குறைந்தது 10 பேர் அல்லது மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு, இதில் எது அதிகமோ அத்தனை பேர் இருந்தால்தான் அவை நடக்கும். தமிழ்நாட்டின் 234 பேருக்கு அது 24. ஆள் குறைந்தால் மணி அடிப்பார்கள்.

*

அவையில் பேசப்படுவதைச் சுருக்கெழுத்தர்கள் முறைவைத்து எழுதுகிறார்கள். சபாநாயகர் நீக்கச் சொன்ன சொல் அச்சில் இருக்காது. 2023 ஜனவரி 9 அன்று இதற்கும் மேலே ஒன்று நடந்தது. ஆளுநர் ஆர்.என். ரவி, அச்சிட்ட உரையின் சில பகுதிகளைத் தாண்டிப் படித்தார். அச்சில் உள்ளபடியே அவைக்குறிப்பில் ஏறட்டும் என்று முதலமைச்சர் தீர்மானம் கொண்டுவர, ஆளுநர் அவையை விட்டு வெளியேறினார். ஆக, அன்று காதில் விழுந்தது ஒன்று, ஏட்டில் நிற்பது வேறு. இருநூறு ஆண்டு கழித்து வரும் வரலாற்று ஆய்வாளர் என்ன செய்வாரோ!

*

பேரவைத் தலைவர் அமரும் நாற்காலி 1922-ல் வில்லிங்டன் பிரபுவும் அவர் மனைவியும் அன்பளிப்பாகக் கொடுத்தது. அதில் உட்கார்ந்துதான் தினமும் ஒரு திருக்குறளும் பொருளும் சொல்லி அவையைத் தொடங்குகிறார்கள்.

*

தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்குப் போட்டியிடுபவர்கள் மனு கொடுப்பது கலெக்டரிடம் அல்ல, பேரவைச் செயலக அதிகாரியிடம். அந்தத் தேர்தலை நடத்தும் அலுவலர் அவர்தான். குடியரசுத் தலைவர் தேர்தலிலோ மாநிலங்களின் பேரவைச் செயலாளர்கள் உதவித் தேர்தல் அலுவலர்கள். எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, எம்.பி.க்களுக்குப் பச்சை. வாக்குப்பதிவு முடிந்ததும் பெட்டியை முத்திரையிட்டு, கண்ணை விட்டு அகலாமல் டெல்லி கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். விமானத்தில் அதைச் சரக்கோடு போடக் கூடாது. 2022-ல் அதற்கென்றே முன்வரிசையில் தனி இருக்கை, தனி டிக்கெட். டிக்கெட்டில் இருந்த பயணியின் பெயர்: 'மிஸ்டர் பேலட் பாக்ஸ்'.