மறுக்கும் உரிமை இருந்த ஊர்

அணுக்கழிவை எங்கே புதைப்பது? பள்ளி விவாதத்திற்குத் தயாரானபோது, உறுதியான பாறை கிடைத்தால் போதும் என்றே நினைத்தேன்.

ஜெர்மனியில் 1977ஆம் ஆண்டு கோர்லேபென் உப்புப் படிவத்தை அரசு தேர்ந்தெடுத்தது. சுற்றுவட்டார மக்கள் 40 ஆண்டுகளுக்கு மேல் எதிர்த்தார்கள். 2020இல் நிலவியல் காரணங்களால் அந்த இடம் கைவிடப்பட்டது.

பின்லாந்திலோ 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளூர் மன்றம் மறுத்தால் திட்டம் அங்கே வர முடியாது. நான்கு இடங்களை ஆராய்ந்தார்கள். 2000இல் யுராயோக்கி மன்றம் 20க்கு 7 என்ற வாக்குகளில் ஒப்புக்கொண்டது. (அணுமின் நிலையத்தோடு ஏற்கெனவே பழகிய ஊர், வரி வருமானமும் உண்டு.) இன்று அங்கே 400 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் சுரங்கம் குடையப்பட்டிருக்கிறது.

விவாதத்தில் நான் பாறையைப் பற்றித் தொடங்கவில்லை. எதிர்த்து வாக்களித்த அந்த ஏழு பேரைப் பற்றித்தான் முதலில் பேசினேன்.